ரமளானில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள்: நோன்பும் குர்ஆனும்

மறந்து தண்ணீர் குடித்தால் நோன்பு முறியுமா, எச்சிலை விழுங்கலாமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்பதற்கெல்லாம் எந்த நோன்புக் கையேட்டிலும் பதில் உண்டு. அவற்றை விட்டுவிடுவோம். ஒவ்வொரு ரமளானிலும், புதிதாக நோன்பு பிடிக்கிறவர்களும் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் குர்ஆனைக் கையில் எடுக்கிறவர்களும் முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. இந்தத் தவறுகளில் பல, தவறு என்றே தெரியாது. கூடுதல் பேணுதல் போலத் தோன்றும்.

நிய்யத்தை (நோன்பு நோற்கும் எண்ணத்தை) நாக்கில் தேடுவது

சஹருக்கு (விடியலுக்கு முன் உண்ணும் உணவுக்கு) எழ முடியாமல் தூங்கிவிட்ட ஒருவர், சுப்ஹு (விடியற்காலைத் தொழுகை) பாங்குக்குப் பின் விழிக்கிறார். "நிய்யத் சொல்லவில்லையே, இன்று நோன்பு கூடாது" என்று காலை உணவை எடுத்துக்கொள்கிறார். ஒரு ஃபர்ளு (கட்டாயக் கடமை) நோன்பு அநியாயமாகப் போகிறது. நிய்யத்தின் இடம் உள்ளம். நாளை நோன்பு என்ற எண்ணத்தோடு அலாரம் வைத்துப் படுத்தவர் நிய்யத் வைத்துவிட்டார். வாயால் சொல்வது உள்ளத்துக்குத் துணை, அவ்வளவே.

மத்ஹபுகளிடையே (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளிடையே) வேறுபாடு இருப்பது நேரத்தில்தான். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் ஒவ்வோர் இரவும் ஃபஜ்ருக்கு (விடியலுக்கு) முன் நிய்யத் இருக்க வேண்டும். மாலிக்கீ மத்ஹபில் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை போதும். பயணத்தாலோ நோயாலோ இடையில் அறுந்தால் புதுப்பிக்க வேண்டும். ஹனஃபியில் ரமளான் நோன்புக்கு நடுப்பகலுக்கு முன்புவரை இடம் உண்டு. இரவில் எண்ணமே இல்லாமல் போனவருக்கும் பகலில் சாப்பிட அனுமதி வந்துவிடாது. ஷாஃபிஈ மத்ஹபுப்படி அவர் மாலைவரை உண்ணாமல் இருந்து, பின்னொரு நாளில் களாச் செய்ய (ஈடாக நோற்க) வேண்டும்.

சஹரை நள்ளிரவில் முடித்துக்கொள்வது

தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) முடிந்து வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் சஹர் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் சஹருக்கும் தொழுகைக்கும் இடையே ஏறத்தாழ 50 வசனங்கள் ஓதும் நேரம்தான் இருந்தது என்று ஸைத் பின் ஸாபித் (ரலி) சொன்னது புகாரீ என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. நிதானமாக ஓதினாலும் அது பத்துப் பதினைந்து நிமிடம். கால அட்டவணைகளில் 'இம்ஸாக்' என்று 10 நிமிடம் முன்னால் போடப்படும் நேரம் வெறும் எச்சரிக்கை. அதற்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்தவரிடம் நோன்பு முறிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். எல்லை ஃபஜ்ரு. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: பாங்கு முடியும்வரை மென்றுகொண்டே இருக்கலாம் என்பது. வக்து (தொழுகை நேரம்) நுழைவது பாங்கின் தொடக்கத்தில், முடிவில் அல்ல.

உடலைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்தால் அதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் சிறுநீராகப் போய்விடும். இஃப்தாரிலிருந்து (நோன்பு திறப்பதிலிருந்து) சஹர்வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பை என்று பிரித்துக் குடியுங்கள். சஹரில் உப்பு மிகுந்தால் பகலில் தாகம் வாட்டும். முதல் மூன்று நாள் தலைவலிக்குப் பசியைவிடக் காபி, தேநீர் திடீரென்று நின்றதுதான் பெரும்பாலும் காரணம். ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபானின் கடைசி வாரத்திலேயே நாளுக்கு அரைக் கோப்பையாகக் குறைத்து வந்தால் அது வராது.

ஹத்தக் கணக்கு

மாதத்துக்குள் குர்ஆனை முழுதும் ஓதி முடிக்க (ஹத்தம்) கணக்குப் போடுவது: இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மற்றத் தவறுகளால் ஒரு நாள் நோன்பு போகும். இதனால் மாதமே போகும்.

30 ஜுஸ்வு (குர்ஆனின் பாகம்), 30 நாள். பரவலாகப் புழங்கும் மதீனா முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி, ஜுஸ்வுக்கு ஏறத்தாழ 20 பக்கம். ஐவேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு நான்கு பக்கம் ஓதினால் மாதத்தில் ஒரு ஹத்தம். கணக்கில் பிழை இல்லை. சரளமாக ஓதத் தெரிந்தவருக்கு நல்ல திட்டம்தான். ஆனால் எழுத்துக் கூட்டி ஓதுகிறவர் இதே கணக்கைக் கையில் எடுக்கும்போது என்ன நடக்கிறது? முதல் வாரம் சமாளிக்கிறார். பத்தாம் நோன்பில் மூன்று ஜுஸ்வு பாக்கி. இருபதில் ஏழு பாக்கி. அங்கிருந்து ஓட்டம் தொடங்குகிறது. கடைசிப் பத்து இரவுகளில், துஆவுக்கும் (பிரார்த்தனைக்கும்) நின்று தொழுவதற்கும் உரிய நேரத்தில், அவர் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறார். பெருநாளன்று "முடித்துவிட்டேன்" என்கிறார். நோன்பைப் பற்றி அல்லாஹ் என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்டால், "உங்களுக்கு முன்னிருந்தவர்கள்மீது கடமையாக்கப்பட்டது போல" என்ற ஒரு துண்டைத் தாண்டி வார்த்தை வருவதில்லை. இதைவிட வருத்தமான இழப்பு வேறு என்ன இருக்கிறது?

பொருள் புரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு; ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்ற ஹதீஸை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹதீஸ் விழுங்கப்பட்ட எழுத்துகளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஜுஸ்வை விரைவு நடையில் விதிப்படி ஓதவே 25 முதல் 30 நிமிடம் ஆகும். நிதானமாக ஓதினால் ஒரு மணி நேரம். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது என்றால் பக்கத்துக்கு முக்கால் நிமிடம். அந்த வேகத்தில் மத்து (நீட்டி ஓத வேண்டிய) எழுத்துகள் நீளாது, குன்னா (மூக்கொலி) ஒலிக்காது, வசன முடிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் 'அன்அம்த' என்பது 'நீ அருள்புரிந்தாய்'. அவசரத்தில் அது 'அன்அம்து' ஆகிவிட்டால் 'நான் அருள்புரிந்தேன்'. ஒரே ஓர் உயிர்க்குறி, பேசுகிறவரையே மாற்றிவிடுகிறது. 107-ஆம் அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் 'தொழுகையாளிகளுக்குக் கேடுதான்' என்கிறது. அதோடு முஸ்ஹஃபை மூடிவிட்டு எழுந்தால் தொழுகிறவர்களுக்கெல்லாம் கேடு என்றாகிவிடும். 'அவர்கள் தங்கள் தொழுகையில் பாராமுகமாக இருப்பவர்கள்' என்ற 5-ஆம் வசனம் சேர்ந்தால்தான் பொருள் நிறையும். நான்கு பக்கம் முடிந்ததும் அந்த இடத்திலேயே நிறுத்துகிற பழக்கம் இங்கேதான் கெடுக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தைப் பக்க எண் தீர்மானிக்கக் கூடாது. பொருள் தீர்மானிக்க வேண்டும்.

"முஃபஸ்ஸல் (குர்ஆனின் கடைசிப் பகுதி) சூராக்களை ஒரே ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ஓதிவிட்டேன்" என்று நபித்தோழர் இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து பெருமையாகச் சொன்னார். அவருக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை. கவிதையைக் கடகடவென ஒப்பிப்பது போலவா ஓதினாய் என்ற கண்டிப்புதான் கிடைத்தது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) குர்ஆனை மிகக் குறைந்த நாளில் முடிக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தபோது நபி (ஸல்) முதலில் சொன்ன அளவு ஒரு மாதம். மூன்று நாளுக்குள் முடிப்பவர் அதை விளங்கியிருக்க மாட்டார் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் இருக்கிறது. 73:4 'நிறுத்தி, நிதானமாக ஓதுவீராக' என்று கட்டளையிடுகிறது. திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். மெதுவாக ஓதுகிறவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பொருளோடு ஓதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். அல்பகரா 183 முதல் 188 வரையே போதும். 183: நோன்பு ஏன் என்பதற்கு விடை, நீங்கள் தக்வா (இறையச்சம்) உடையவர்கள் ஆவதற்காக. 184: நோயாளி, பயணி, இயலாதவர். 185: இந்த மாதம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு விடை, குர்ஆன் இறக்கப்பட்டது இதில்தான். 186-இல் திடீரென்று நோன்பைப் பற்றிய பேச்சே இல்லை: 'என் அடியார்கள் என்னைப் பற்றிக் கேட்டால், நான் அருகிலேயே இருக்கிறேன், அழைப்பவரின் அழைப்புக்குப் பதிலளிக்கிறேன்.' சட்டங்களுக்கு நட்ட நடுவே துஆ. 187 மறுபடி சட்டத்துக்கு வருகிறது: இரவில் எது கூடும், வெள்ளை நூல், கறுப்பு நூல், இஃதிகாஃப் (பள்ளிவாசலில் தங்கி வணங்குவது). அடுத்த வசனம் 188: 'உங்களுக்குள் ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணாதீர்கள்.' பகலில் ஹலாலான உணவையே விட்டு விலகிப் பழகியவரிடம், ஹராமான பணத்தை எப்போதுமே விட்டுவிடு என்று கேட்கிறது. வேகமாகப் புரட்டுகிறவர் 187-ஐ ரமளான் பகுதியின் முடிவு என்று நினைத்துத் தாண்டிவிடுவார்.

அந்த வெள்ளை நூலை அதிய் பின் ஹாத்திம் (ரலி) எழுத்துப்படி எடுத்துக்கொண்டு, கறுப்புக் கயிறு ஒன்றையும் வெள்ளைக் கயிறு ஒன்றையும் தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. மறுநாள் கேட்டபோது, அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபி (ஸல்) விளக்கினார்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட தோழருக்கே விளக்கம் தேவைப்பட்டது. வெறும் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு தானே சட்டம் எடுப்பதும் தவறு. அடிக்குறிப்பையோ தஃப்ஸீரையோ (விளக்கவுரையையோ) பார்க்க வேண்டும், ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ரமளானுக்கு முன் ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓதிப் பாருங்கள். ஆறு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். உங்களிடம் நாளுக்கு 40 நிமிடம் இருந்தால், 25 நிமிடத்தில் நான்கு பக்கம். மீதி 15 நிமிடம் அதே நான்கு பக்கத்தின் மொழிபெயர்ப்புக்கு. மாதத்தில் 120 பக்கம், அதாவது ஆறு ஜுஸ்வு. ரமளானோடு நிறுத்தாமல் இதே அளவில் போனால் ஐந்து மாதத்தில் முழுக் குர்ஆனும் முடிந்துவிடும், பொருளோடு.

தமிழ் எழுத்தில் அரபியை ஓதுவது

அரபியில் இரண்டு வெவ்வேறு எழுத்துகளான காஃபும் (ق) காஃபும் (ك) தமிழில் ஒரே ககரம்தான். 'உள்ளம்' என்ற சொல்லும் 'நாய்' என்ற சொல்லும் 'கல்பு' என்றே எழுதப்படும். தமிழ் எழுத்தைத் தற்காலிக ஊன்றுகோலாக வைத்துக்கொண்டாலும், ஃபாத்திஹாவையும் நான்கு சிறு சூராக்களையும் ஓதத் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாயசைவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) முன்னிலையில் நபி (ஸல்) ஓதிச் சரிபார்த்தார்கள். கடைசி ஆண்டில் இருமுறை.

மாதவிடாய் நாட்களில் குர்ஆனை மறந்துவிடுவது

முஸ்ஹஃபைத் தொடக்கூடாது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. கேட்பதையும், தஃப்ஸீர் படிப்பதையும், திக்ரையும் (இறைநினைவையும்), துஆவையும் யாரும் தடுக்கவில்லை.

நோயோடு பிடிவாதம்

நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட சலுகையை மறுப்பது ஈமானின் வலிமை என்று சிலர் நம்புகிறார்கள். 'அல்லாஹ் உங்களுக்கு எளிதானதையே நாடுகிறான்' என்பது நோன்பு வசனத்துக்குள்ளேயே, 185-இல், இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். இஃப்தாருக்கு அரை மணிதானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் கடைசி மணி நேரங்களில்தான் தாழ்சர்க்கரை ஆபத்து அதிகம்.

21-ஆம் இரவைத் தவறவிடுவது

ஹிஜ்ரி நாள் மஃக்ரிபில் (சூரிய மறைவில்) தொடங்குகிறது. 21-ஆம் இரவு என்பது 20-ஆம் நோன்பைத் திறந்தவுடன் வரும் இரவு. 21-ஆம் நோன்பைத் திறந்துவிட்டு கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் தேட வேண்டிய மகத்தான இரவான லைலத்துல் கத்ரைத் தேடுகிறவர் 22-ஆம் இரவில் நிற்கிறார்; அப்படியே ஒற்றை இரவுகள் அனைத்தும் அவருக்கு இரட்டையாகிவிடும்.

27-ஐ மட்டும் நம்புவது

21, 23, 25, 27, 29. ஐந்தும் வேண்டும்.

ஃபித்ராவை (நோன்புப் பெருநாளின் கடமையான கொடையை) பெருநாள் தொழுகைக்குப் பின் கொடுப்பது

அது வெறும் தர்மமாகிவிடும். ஆளுக்கு ஒரு ஸாவு, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ தானியம், தொழுகைக்குப் புறப்படும் முன்.

விட்ட நோன்பை எழுதி வைக்காதது

தற்காலிக நோய், பயணம், மாதவிடாய் காரணமாக விட்டவை களாச் செய்ய வேண்டியவை. அவற்றுக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது. குணமாக வழியில்லாத நோயாளிக்கும் தள்ளாத முதியவருக்கும்தான் ஃபித்யா: ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காய்ச்சலில் விட்ட மூன்று நாளுக்கு ஃபித்யா கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். மாதவிடாயில் விட்ட தொழுகைகளுக்குக் களா இல்லை, நோன்புகளுக்கு உண்டு.

விட்ட நாட்களின் எண்ணிக்கையை ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் வாரத்திலேயே எழுதி வையுங்கள். ஆயிஷா (ரலி) தம் களா நோன்புகளை ஷஅபானில் வைத்திருக்கிறார்கள். அதுதான் கடைசி வாய்ப்பு. காரணமின்றி அடுத்த ரமளானையும் தாண்டிவிட்டால் ஹனஃபியில் களா மட்டும் போதும். மற்ற மூன்று மத்ஹபுகளில் களாவோடு ஃபித்யாவும் சேரும். நாள் குறிக்கும்போது இரண்டு பெருநாட்களையும் துல்ஹஜ் 11, 12, 13-ஐயும் அடித்துவிடுங்கள்; அந்த ஐந்து நாட்களில் களா வைக்க முடியாது.