இறந்தவரின் பங்குகளும் கம்பெனிப் பதிவேடுகளும்: வாரிசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு சித்தப்பா நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பெனிக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதே குமரி மாவட்டக் குடும்பங்களில் நான் அடிக்கடி காணும் பெரிய தவறு. அந்தத் தாள் பல நேரங்களில் எஸ்.எச்-4 என்னும் பங்கு மாற்றப் படிவமாக இருக்கும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, சட்டபூர்வப் பிரதிநிதி தம் பெயர் பதிவேட்டில் ஏறாத நிலையிலும் இறந்தவரின் பங்கை மாற்றிக் கொடுக்க முடியும் என்பதால், அந்த ஒரு கையெழுத்திலேயே உரிமை கைமாறிவிடக்கூடும்.

'நாங்கள் உறுப்பினர் (பதிவேட்டில் பெயர் ஏறிய பங்குதாரர்) இல்லையே, எங்களுக்கு எப்படிக் காட்டுவார்கள்' என்று தயங்கி நிற்பது அடுத்த தவறு. உறுப்பினர் பதிவேட்டையும் ஆண்டு விவர அறிக்கைகளின் நகல்களையும் அதே சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி யாரும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். பார்வையிடக் கேட்கக்கூடிய உச்சக் கட்டணம் 50 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 10 ரூபாய். ஆனால் ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு, இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு முதல் கடிதத்திலேயே சண்டைக்குப் போவதில் பயனில்லை. உறுப்பினருக்கே அவற்றைப் பார்க்கும் பொது உரிமை கிடையாது. பொதுக்கூட்டக் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு; அது உங்கள் பெயர் ஏறிய பிறகு கிடைக்கும்.

கம்பெனி சொல்வதை மட்டும் நம்பவும் வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், அந்த நிறுவனம் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். புதுப் பங்கு ஒதுக்கீட்டைக் காட்டும் பி.ஏ.எஸ்-3 படிவத்தைத் தேடிப் பாருங்கள். மொத்தம் 10,000 பங்குகளில் அப்பாவுக்கு 2,000 இருந்தால் அது 20 சதவீதம். அவர் மறைந்த பின் வேறு ஆட்களுக்கு இன்னும் 10,000 பங்குகளை ஒதுக்கியிருந்தால், சான்றிதழில் எண் மாறாமலேயே உங்கள் பங்கு 10 சதவீதமாகிவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் நீதிமன்றத்துக்குப் போவதுதான் வீண் செலவு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதும் என்று நினைப்போர் பலர். கம்பெனிகளோ பெரும்பாலும் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழைக் கேட்கின்றன. அதற்கான மனுவில் எந்தெந்தப் பங்குகளுக்குச் சான்று வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். விடுபட்டவற்றுக்கு மீண்டும் நீட்டிப்பு மனு போட நேரும். ஆகவே நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வக்கீலோடு புறப்படும் முன்பே பதிவேட்டு நகல் கையில் இருக்கட்டும். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பங்குச் சான்றிதழையும் எடுத்து, ஃபோலியோ எண்ணையும் (பதிவேட்டில் அவர் கணக்குக்கான எண்) பங்குகளின் தொடர் எண்களையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் வீட்டுப் பெயரோடு ஒரு ஆவணமும் வெறும் இனிஷியலோடு இன்னொன்றும் இருப்பது சகஜம். அந்த வேறுபாட்டை மனுவிலேயே விளக்கிவிடுவது நல்லது. அசல் சான்றிதழை ஒப்புகை இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

நாமினியாக அண்ணன் பெயர் இருக்கிறதே, பங்கு அவருக்குத்தானே என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவதும் தவறு. நாமினி நியமனம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. அதைவிட வருத்தம் தருவது, ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்று பெண்மக்களை விலக்கும் பேச்சு. மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்ற திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986இல் தீர்ப்பாகிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் பங்குகளில் கிறிஸ்தவ மகளுக்கும் இந்து மகளுக்கும் மகனுக்குச் சமமான பாகம் உண்டு.

எல்லாம் கூடிவந்த பின், பெயர் மாற்றக் கோரிக்கையை போனில் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. எழுத்தில், ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தனியார் கம்பெனி மறுப்பதாக இருந்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்து 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராவிட்டால் கோரிக்கை கம்பெனிக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. அந்த நாளைக் காட்டும் அஞ்சல் விநியோக விவரத்தை அன்றே நகலெடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.