கமிட் செய்தியில் உடன் உழைத்தவர் பெயரைச் சேர்ப்பது எப்படி?

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், ஒரு கமிட்டுக்கு (பதிந்த ஒரு மாற்றத்துக்கு) ஆதர், அதாவது எழுதியவர், என்று ஒருவரைத்தான் பதியும். சேர்ந்து நிரல் எழுதியவரும், வரி வரியாகப் படித்துப் பிழை சொன்னவரும் வரலாற்றில் நிற்க வேண்டுமானால், செய்தியின் அடியில் ட்ரெய்லர் வரிகளை, அதாவது யார் என்ன செய்தார் என்று சொல்லும் வரிகளை, நாம்தான் எழுத வேண்டும்.

1. யார் என்ன செய்தார் என்று முதலில் பிரியுங்கள். சேர்ந்து எழுதியவருக்கு 'கோ-ஆதர்ட்-பை', படித்துச் சரி என்று ஏற்றவருக்கு 'ரிவியூட்-பை', ஓட்டிப் பார்த்தவருக்கு 'டெஸ்டட்-பை', பிழையைக் கண்டு சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை'. ஆங்கில எழுத்தில், ஹைஃபனோடு தட்டச்சு செய்யுங்கள். லினக்ஸ் கெர்னலில் (லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரல்) மட்டும் சேர்ந்து எழுதியவருக்கு 'கோ-டெவலப்ட்-பை'. அதற்கு அடுத்த வரியிலேயே அவருடைய 'சைன்ட்-ஆஃப்-பை' (படி 3இல் வரும் உறுதிமொழி வரி) வர வேண்டும்.

2. தலைப்பு, வெற்று வரி, விளக்கம், மறுபடி வெற்று வரி, அதன் கீழே ட்ரெய்லர்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல், முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவில் வெற்று வரி விட்டால், கிட் கடைசிப் பத்தியை மட்டுமே ட்ரெய்லராக எடுக்கும். மேலே உள்ள பெயர் வெறும் விளக்கமாகிவிடும். கிட் திட்டங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் இன்னொரு சிக்கல்: மின்னஞ்சல் அவர் கணக்கோடு இணைந்ததாக இல்லாவிட்டால் அந்தப் பங்களிப்பு அவர் கணக்கில் சேராது. அதனால் எந்த முகவரி போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். முகவரியை மறைக்க விரும்புவோருக்கு கிட்ஹப் தரும் 'நோரிப்ளை' முகவரி போதும்.

3. கையால் எழுத வேண்டாம் என்றால், கிட் 2.32 முதல் கமிட் கட்டளைக்கு 'ட்ரெய்லர்' என்ற விருப்பம் உண்டு. சிறிய 'எஸ்' விருப்பம் உங்கள் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியைச் சேர்க்கும். அது நன்றி வரி அல்ல. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. லினக்ஸ் கெர்னலில் 2004இல் வந்த வழக்கம். பிறர் பெயரில் நீங்களாக அதைப் போடாதீர்கள். 'ரிவியூட்-பை'யும் அப்படித்தான்: கருத்துச் சொன்னார் என்பதற்காக எழுதக் கூடாது, அவரே தர வேண்டும். அதன் பிறகு நிரலைப் பெரிதாக மாற்றினால் அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

4. கமிட்டைப் பொதுக் களஞ்சியத்துக்குத் தள்ளுவதற்கு (புஷ்) முன் 'லாக்' கட்டளையின் ஃபார்மட்டில் 'ட்ரெய்லர்ஸ்' கொடுத்துப் பாருங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தால் 'அமெண்ட்' கொடுத்துக் கடைசிக் கமிட்டைத் திருத்தலாம். ஆனால் அமெண்ட் கமிட்டின் ஹாஷை, அதாவது அதன் அடையாள எண்ணை, மாற்றிவிடும். பலர் பயன்படுத்தும் கிளைக்குப் போய்ச் சேர்ந்த கமிட்டில் அதைச் செய்யாதீர்கள்.