மைக்ரோஃபைபர் படுக்கை விரிப்பு: பார்த்து வாங்கும் முறை

மைக்ரோஃபைபர் விரிப்பு வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்படும் விரிப்புகள் ஏறக்குறைய எல்லாமே பாலியஸ்டர் துணிகள் என்பதுதான். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதையே அந்த இழையின் டீனியர் என்பார்கள். அந்த எடை 1 கிராமுக்கும் குறைவாக வரும் அளவுக்கு மெல்லியதாக இழுக்கப்பட்ட செயற்கை இழைதான் மைக்ரோஃபைபர். இழை மெலிந்திருப்பதால் துணி தொடுவதற்கு மிருதுவாக இருக்கிறது, கசங்குவதில்லை, துவைத்தால் சுருங்குவதும் இல்லை. ஆனால் எவ்வளவு மெலிந்தாலும் பாலியஸ்டர் ஈரத்தை உள்வாங்காது. காற்றில் உள்ள ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் 7 முதல் 8 விழுக்காடு வரை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடு அளவுகூட இழுப்பதில்லை. இந்தத் துணியின் நன்மை, தொல்லை இரண்டுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஈரத்தை இழுக்காததால் அது விரைவாகக் காய்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைக்க வேண்டியவர்களுக்கும், விடுதி அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், படுக்கையை நனைக்கும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் இது பெரிய உதவி. அதே காரணத்தால், சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் மின்விசிறியை மட்டும் நம்பிப் படுப்பவரின் வியர்வையை அது வாங்கிக்கொள்ளாது, முதுகில் ஒட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் குளிர்சாதனம் இல்லாத அறைக்கு மைக்ரோஃபைபர் விரிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்சாதன அறை, ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகள், எப்போதாவது விருந்தினர் தங்கும் அறை ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். வியர்க்குரு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பருத்தியே நல்லது.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். மைக்ரோஃபைபரை மைக்ரோஃபைபர் என்றே சொல்லி விற்பவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இணையக் கடைகளிலும் சாலையோர விற்பனையிலும் ‘கிளேஸ் காட்டன்’, ‘சாஃப்ட் காட்டன்’, ‘காட்டன் ஃபீல்’ என்ற பெயர்களில் வரும் விரிப்புகள் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ‘காட்டன்’ என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் பருத்தி என்று நம்பி, வயதான பெற்றோருக்கு வாங்கிப் போட்டு, அவர்கள் இரவெல்லாம் புரண்டு படுப்பதைப் பார்த்த பிறகே உண்மை தெரியவரும் குடும்பங்கள் பல. ஆகவே தலைப்பில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொருள் விவரப் பகுதியில் துணி எதனால் ஆனது என்ற வரியைப் படியுங்கள். ‘100 விழுக்காடு பருத்தி’ என்று எண்ணோடு எழுதப்பட்டிருந்தால் அது ஓர் உறுதிமொழி. பொய்யானால் அதைக் காட்டிப் பொருளைத் திருப்பலாம். இரட்டைக் கட்டில் விரிப்பும் இரண்டு தலையணை உறைகளும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் கிடைக்கின்றன என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் அது பருத்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வீட்டுக்கு வந்த துணியைச் சோதிக்க எளிய வழி உண்டு. மடிப்பு ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, கைகழுவும் தொட்டியின் மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவதைப் போல மணத்துடன் எரிந்து, விரல் பட்டதும் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் நூல் சுடர் நெருங்கும்போதே சுருங்கி உருகி, கரும்புகை விட்டு, ஆறிய பின் நுனியில் கடினமான கரிய மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் சாம்பலும் மணியும் சேர்ந்தே இருக்கும். துணியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பதும் வழக்கம்தான். ஆனால் கஞ்சியும் பூச்சும் உள்ள புதிய பருத்தியிலும் நீர் சற்று நேரம் நிற்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்துத் துணியின் கனம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்வதே ஜிஎஸ்எம். மைக்ரோஃபைபர் விரிப்புகளுக்கு இதுவே நம்பத்தக்க அளவு. ஓர் அங்குலத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டிச் சொல்லும் நூல் எண்ணிக்கை பருத்திக்குப் பொருந்துமே தவிர இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. உறையின் மேல் ‘1800’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. 80 ஜிஎஸ்எம்முக்குக் கீழே உள்ள துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் கையின் நிழல் தெரியும். மெத்தையின் நிறமும் தெரியும். அன்றாடப் பயன்பாட்டுக்கு 90 முதல் 110 வரை போதும்.

இந்த எண்ணை விற்பவர் சொன்னபடியே ஏற்க வேண்டியதில்லை, சமையலறைத் தராசே சரிபார்த்துவிடும். 90-க்கு 100 அங்குல விரிப்பு என்பது ஏறத்தாழ 5.8 சதுர மீட்டர். அது 100 ஜிஎஸ்எம் என்று சொல்லி விற்கப்பட்டால், தலையணை உறைகளை எடுத்துவிட்டு விரிப்பை மட்டும் எடை போடும்போது 580 கிராம் அளவில் இருக்க வேண்டும். 450 கிராம் காட்டினால் துணி 80 ஜிஎஸ்எம்கூட இல்லை, அல்லது அளவில் குறைத்திருக்கிறார்கள். நாடாவை வைத்து நீள அகலத்தை அளந்தால் எது என்பது தெரிந்துவிடும்.

நீள அகலத்தில்தான் அதிகம் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள், காரணம் மெத்தையின் உயரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 78-க்கு 72 அங்குலமுள்ள கிங் மெத்தை 6 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 90-க்கு 100 விரிப்பைப் போட்டால், அகலவாட்டில் இருபுறமும் 9 அங்குலம் தொங்கும். அதில் 6 அங்குலம் மெத்தையின் பக்கத்தை மூடுவதற்கே போய்விடும், உள்ளே செருக மிஞ்சுவது 3 அங்குலம் மட்டுமே. ஒரு முறை புரண்டு படுத்தாலே அது வெளியே வந்துவிடும். 108-க்கு 108 வாங்கினால் அகலத்தில் 12 அங்குலமும் நீளத்தில் 9 அங்குலமும் செருகக் கிடைக்கும். 8, 10 அங்குல உயர மெத்தைகள் இப்போது பரவலாகிவிட்டதால், வாங்கும் முன் மெத்தையின் மூன்று அளவுகளையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான மைக்ரோஃபைபர் விரிப்பு நுரை மெத்தையின் வழுவழுப்பான உறை மேல் நழுவும் என்பதால், இந்தத் துணிக்கு எலாஸ்டிக் வைத்த விரிப்பே வசதி. அதிலும் நான்கு மூலைகளில் மட்டும் எலாஸ்டிக் வைத்ததைவிடச் சுற்றிலும் வைத்ததே இழுத்துப் பிடிக்கும்.

கடையில் நேரில் வாங்குவதானால் துணியை விரிக்கச் சொல்லி உள்ளங்கையால் ஓரிடத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். மேற்பரப்பில் பஞ்சுபோல் மயிர் எழும்பினால், சில மாதத் துவைப்பில் அங்கே சிறு சிறு உருண்டைகள் கட்டி உடம்பை உறுத்தும். மேற்பரப்பைச் சுரண்டிப் பட்டுப்போல் ஆக்கிய வகைகளில் இந்தத் தொல்லை கூடுதல். அவை வெப்பத்தையும் அதிகம் தேக்கும். மடிப்புத் தையல் ஓரத்தில் நூல் நெருக்கமாக ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நிறம் போகும் அச்சம் பாலியஸ்டரில் குறைவு. தோலில் படும் சாயம் பற்றிக் கவலை உள்ளவர்கள் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை உள்ளதைத் தேடலாம். தீங்கான வேதிப்பொருள்களுக்காகச் சோதிக்கப்பட்ட துணிக்கே அது தரப்படுகிறது. அது வசதியைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை.

தலையணை உறையை மட்டும் தனியாகப் பருத்தியில் வாங்குவது நல்லது. பாலியஸ்டர் நீரை விலக்கினாலும் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வீடுகளில் மைக்ரோஃபைபர் உறை சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும், சாதாரணத் துவைப்பில் அது எளிதில் போவதில்லை.

நெருப்பைப் பற்றியும் அவசியம் சொல்ல வேண்டும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியிலோ அருகிலோ வைக்கும் பழக்கம் உள்ள வீட்டிலும், படுக்கையில் பீடி, சிகரெட் பிடிப்பவர் உள்ள வீட்டிலும் இந்தத் துணி ஆபத்தானது, ஏனெனில் உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். இஸ்திரி போடுவதானாலும் மிகக் குறைந்த சூட்டில்தான் போட வேண்டும்.

துவைக்கும்போது வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும். நல்ல சூட்டில் விழுந்த சுருக்கம் இந்தத் துணியில் அப்படியே நிலைத்துவிடும். துணி மென்மையாக்கும் திரவத்தைத் தவிர்த்துவிடலாம், அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து வியர்வை ஆவியாவதை இன்னும் குறைக்கும். பருத்தித் துண்டுகளோடு சேர்த்துப் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் இதில் ஒட்டும். பாலியஸ்டரைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகள் கழிவுநீரில் கலக்கின்றன. கடலில் நேரடியாகச் சேரும் நுண்ணெகிழித் துணுக்குகளில் ஏறக்குறைய 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருபவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. எனவே இயந்திரத்தை நிறைத்துத் துவையுங்கள். தள்ளுபடி விலையைப் பார்த்து ஆறு விரிப்புகள் வாங்கி அடுக்காமல், ஒரு கட்டிலுக்கு இரண்டு என்ற கணக்கில் வாங்குங்கள். முதல் துவைப்புக்கு முன்பே எடையையும் அளவையும் சரிபார்த்துவிடுங்கள், ஏனெனில் துவைத்த விரிப்பைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திரும்ப வாங்குவதில்லை.