எண்ணெய் வித்து இழப்பை இரு நாடுகளுக்கு ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டியவை

சேலம் பக்கத்து வேளாண் மாணவர்களும் உழவர் குழுக்காரர்களும் திட்ட அறிக்கை எழுதினால் என்னிடம் ஒருமுறை காட்டுவார்கள். இந்தியாவையும் நைஜீரியாவையும், இல்லையென்றால் சூடானையும் எடுத்து, 1961 முதல் எண்ணெய் வித்து எவ்வளவு வீணானது என்று கோடு போட்டிருப்பார்கள். தரவு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உணவுச் சமநிலைக் கணக்கு; ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுதோறும் உணவுப் பொருள் எவ்வளவு விளைந்தது, எங்கே போனது என்ற கணக்கு அது. அலகைப் பார், கூட்டலைச் சரிபார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

விளைச்சல் கோட்டை இழப்புக் கோடு என்று படிப்பது

கிடங்கிலும் லாரியிலும் வீணாகும் வித்தைப் பல நாடுகள் ஆண்டுதோறும் அளப்பதில்லை. அந்தக் கட்டத்தை அமைப்பே மதிப்பிட்டு நிரப்புகிறது. பழைய கணக்கில் பெரும்பாலும் நிலையான ஒரு விகிதத்தைப் போட்டுப் பெருக்கிவிடுவார்கள். விளைச்சல் ஏறினால் இழப்பும் ஏறும், மழை பொய்த்தால் இழப்பும் இறங்கும். வறட்சியில் உழவர் நொந்துகிடக்கும் ஆண்டுதான் படத்தில் நல்ல ஆண்டாகத் தெரியும்!

ஆத்தூர் பக்கத்து உழவர் குழு ஒன்று கிடங்குக் கடனுக்கு விண்ணப்பித்தது. "அந்த நாட்டில் கிடங்கு கட்டியதால் இழப்பு குறைந்தது" என்று படத்தோடு எழுதியிருந்தார்கள். "அதே வருசங்கள்ல அங்க விளைச்சலே குறைஞ்சிருக்கேங்க?" என்று வங்கியில் கேட்டார்கள். பதில் இல்லை, விண்ணப்பம் திரும்பிவிட்டது. பிறகு இழப்பை விளைச்சலால் வகுத்துப் பார்த்தேன். வருசத்துக்கு வருசம் அதே விகிதம். கிடங்கு கிடைக்காத அந்தக் குழுவின் அந்தப் பருவத்துக் கடலைக்காய் களத்திலேயே மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்தது. நினைத்தால் இன்றும் ஆறவில்லை. சொந்தக் களத்தில் நனைந்த மூட்டையை எடைபோட்டு எழுதியிருந்தாலே போதும், வெளிநாட்டுப் படம் எதற்கு?

ஆகவே முதலில் வகுத்துப் பாருங்கள். விகிதம் அசையவில்லை என்றால் அங்கே யாரும் அளக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறியையும் பாருங்கள்: 'ஏ' (A) என்றால் அரசு தந்தது, 'ஈ' (E) என்றால் மதிப்பீடு, 'ஐ' (I) என்றால் கணக்கிட்டு நிரப்பியது. இரு நாடுகளுக்கும் 'ஏ' இருக்கும் ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்தாறு ஆண்டுதான் தேறினாலும் பரவாயில்லை.

பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒட்டுவது

பழைய முறை 2013-இல் முடிகிறது. புதியது 2010-இல் தொடங்குகிறது. பழையதில் நிலக்கடலை பருப்பு எடையில் இருக்கிறது, புதியதில் ஓட்டோடு. நூறு கிலோ காயை உடைத்தால் எழுபது கிலோ பருப்பு என்று வைத்தாலும், ஒட்டிய இடத்தில் கோடு தானாகத் துள்ளும். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயலையும் செக்கையும் சேர்ப்பது

இந்தக் கணக்கில் இழப்பு என்பது அறுவடைக்குப் பின், வீட்டை எட்டுவதற்கு முன் போவது மட்டுமே. மண் இறுகி, பிடுங்கும்போது அறுந்து நிலத்தில் தங்கும் காய் இதில் வராது. புண்ணாக்கில் தங்கும் எண்ணெயும் வராது. காய்வதும் இழப்பல்ல: 40 சதவீத ஈரத்தோடு பிடுங்கிய நூறு கிலோ காய், 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 65 கிலோதான் நிற்கும். போனது தண்ணீர்.

சூடான்

2011-இல் தெற்கு சூடான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோடு வேண்டாம்.

தேங்காய்

தேங்காய் எடையில் ஓடும் தண்ணீரும் சேரும். எள்ளோடு டன் கணக்கில் கூட்டாதீர்கள்.