திருமணத்துக்கும் குருப்பட்டத்துக்கும் எப்படித் தயாராவது?

ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவள் நான். அந்தக் கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தைத்தான் பங்கு என்கிறோம். திருமணத் தயாரிப்பு வகுப்பிலும் பேசுகிறேன். என் தம்பி குருவானவர் என்பதால் குருப்பட்டத்துக்கு முன்னால் என்னென்ன நடக்கும் என்பதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் எப்படித் தயாராவது என்று வந்து கேட்கிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணத் தேதியைக் குறிப்பதற்கு முன், பங்குக்குப் பொறுப்பான குருவாகிய பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். விருந்துக்கு இடம் பிடித்து, அழைப்பிதழும் அச்சடித்துவிட்டு வந்தால், அதன்பிறகு எந்தக் கேள்வியைக் கேட்டாலும் உங்களுக்குத் தடங்கலாகவே தெரியும். ஆறு மாதம் முன்னதாக வந்தீர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

ஏழு அருளடையாளங்களில், அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்குகளில், குருத்துவத்தையும் திருமணத்தையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சேர்த்தே பேசுகிறது. இரண்டுமே முதன்மையாக அடுத்தவருடைய மீட்புக்காகத் தரப்படுபவை என்கிறது. இரண்டிலும் ஒரு மனிதர் வாழ்நாள் முழுமைக்கும் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கு அவருடைய சொந்த மனதிலிருந்து வருகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை காகிதமும், இத்தனை கேள்வியும். இது மனதில் இருந்தால் அலுவலகத்துக்கு நடக்கிற அலுப்பு பாதி குறையும்.

முதல் காகிதம் திருமுழுக்குச் (ஞானஸ்நானம்) சான்றிதழ். சின்ன வயதில் வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்திருப்பது உதவாது. திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து புதிதாக வாங்க வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும் என்பார்கள். காரணம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரத்தில் இடம் விட்டிருக்கும். உறுதிபூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்), திருமணம், குருப்பட்டம், துறவறத்தில் கொடுக்கும் நிரந்தர வாக்கு எல்லாம் அந்த ஓரத்தில்தான் ஏறும். ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து சேர வேண்டும். ஆகவே புதுச் சான்றிதழில் ஓரம் வெறுமையாக இருந்தால், திருமணத்துக்குத் தடையாக எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உறுதிபூசுதல் இன்னும் பெறவில்லை என்றால், பெரிய சிரமம் இல்லாதவரை திருமணத்துக்கு முன் பெற்றுக்கொள்ளச் சட்டம் சொல்கிறது.

சில விஷயங்களை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முன்பு ஒரு திருமணம் நடந்திருந்து வாழ்க்கைத் துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். துணை உயிரோடு இருந்தால் அரசு நீதிமன்றத்தின் விவாகரத்து மட்டும் போதாது. அந்தத் திருமணம் செல்லாது என்ற திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். முன்பெல்லாம் இரண்டு தீர்ப்புகள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அதை மாற்றி, ஒரே தீர்ப்பு போதும் என்றார். மேல்முறையீட்டு உரிமை அப்படியே இருக்கிறது. வழக்கு முடியக் காலம் ஆகும், அதனால் அது முடியும்வரை தேதி கேட்காதீர்கள்.

உறவுக்குள் திருமணம் என்றால் அதையும் சொல்லுங்கள். மாமன் மகள், அத்தை மகன் முறை திருச்சபைச் சட்டக் கணக்கில் நான்காம் படி. அதுவரை தடை உண்டு. அந்தப் படிக்கு ஆயரிடம் (பிஷப்) விதிவிலக்குக் கேட்கலாம்.

பெண்ணோ மாப்பிள்ளையோ கத்தோலிக்கர் இல்லை என்றால் பலர் பயந்துகொண்டே வருகிறார்கள். மதம் மாறினால்தான் கோயிலில் கல்யாணம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. மற்றவர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்கே பெறாதவர் என்றால் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடந்தால் திருமணம் செல்லாது. கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தம்மால் ஆனதையெல்லாம் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கிறார். மற்றவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை. ஆனால் தம் துணை என்ன வாக்குக் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயவுசெய்து இதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அலுவலகத்தில் முதல்முறையாகக் கேட்டு முகம் மாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்தது, பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியாக விசாரிப்பது. எல்லாக் காகிதத்தையும்விட முக்கியம் இதுதான். யாராவது வற்புறுத்துகிறார்களா, எதையாவது மறைக்கிறீர்களா, சாகும்வரை சேர்ந்து வாழ மனம் இருக்கிறதா, பிள்ளைகளை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்பார். அம்மாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் உள்ளே போங்கள். வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: “அக்கா, அப்பா மனசு நோகக்கூடாதேன்னு சம்மதிச்சா, அது கட்டாயமா?” அப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைப்பது கட்டாயம் ஆகாது, மாப்பிள்ளையை நீயும் மனதார ஏற்கிறாயா என்று பார் என்றேன். ஆனால், கல்யாணம் செய்தால்தான் வீட்டில் தப்பிக்க முடியும் என்கிற அளவுக்குப் பெரும் பயம் இருந்தால், அந்தச் சம்மதம் சட்டப்படியே செல்லாது. அதைப் பங்குத்தந்தையிடம் சொல், தேதியைத் தள்ளிவைக்க அவரே வழி பார்ப்பார் என்றும் சொன்னேன். இதை இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். பீடத்தின் முன்னால் நிற்கும் நிமிடம்வரை ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நிபந்தனைகளும் கூடாது. ‘வேலை கிடைத்தால்தான் இவள் என் மனைவி’ என்று எதிர்காலத்தில் நடக்கப்போவதை வைத்துச் சம்மதம் சொன்னால் அது செல்லாது.

நடக்கப்போகும் திருமணத்தைக் கோயிலில் அறிவிக்கும் ஓலை வாசிப்பதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். 1215-இல் ஆயர்கள் கூடிய பேரவையான நான்காம் இலாத்தரன் சங்கம் இதைத் திருச்சபை முழுமைக்கும் விதித்தது. தடை ஏதாவது தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லட்டும் என்பதுதான் நோக்கம். எத்தனை ஞாயிறு வாசிப்பார்கள் என்பதை உங்கள் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிபாட்டுக்கு வருவோம். கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையில் திருமணத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. குருவோ திருத்தொண்டரோ (குருவுக்கு முந்தைய படியில் பட்டம் பெற்றவர்) திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார்; கூடவே இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். 1563-இல் திரிதெந்து சங்கம் வகுத்த முறை இது. சீரோ மலபார் போன்ற கீழை வழிபாட்டு முறைகளில் குருவின் ஆசி இல்லாமல் திருமணம் இல்லை. ஆக, இலத்தீன் முறையில் நீங்கள் சொல்லும் சம்மத வார்த்தைகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒலிவாங்கி எங்கே இருக்கும், மோதிரம் யார் கையில் இருக்கும் என்பதை ஒத்திகையில் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் சாட்சிகளின் காதில் விழாத முணுமுணுப்பாக உங்கள் சம்மத வார்த்தைகள் இருக்கக் கூடாது. வழிபாட்டில் படிக்கும் விவிலிய வாசகங்களில் ஒன்றாவது திருமணத்தைப் பற்றி நேரடியாகப் பேச வேண்டும். தோபித்து நூல் 8-ஆம் அதிகாரத்தில் தோபியாவும் சாராவும் முதல் இரவில் சேர்ந்து செய்யும் மன்றாட்டை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

இனி குருப்பட்டம். காகித வேலையை, குருவாகப் பயிற்சி தரும் குருமடமும் ஆயர் இல்லமும் பார்த்துக்கொள்ளும். வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு. முதலில் திருத்தொண்டர் பட்டம், பிறகு குறைந்தது ஆறு மாத இடைவெளி விட்டுக் குருப்பட்டம். குருவாக 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலத்தீன் திருச்சபையில் மணத்துறவு வாக்குக் கொடுப்பது திருத்தொண்டர் பட்டத்தின்போதே. குருப்பட்டத்தன்று என்று நினைத்துக்கொண்டு திருத்தொண்டர் பட்ட நாளைச் சின்ன விழாவாக விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு ஒரு தயக்கம் இருந்தால் அதைப் பேச வேண்டிய காலம் அதற்கு முன்னால். தானாக, முழு மனதோடு இந்தப் பட்டத்தைக் கேட்கிறேன் என்று அவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். குறைந்தது ஐந்து நாள் தியானமும் உண்டு. அந்த நாட்களில் அழைப்பிதழ், பந்தல் என்று போன் செய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் தம்பியின் தியானம் முடியும்வரை போன் செய்யக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதுதான் சரி.

அன்றைய வழிபாட்டில் எல்லோரும் புனிதர்களின் மன்றாட்டுமாலை பாட, அவர் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் படுத்திருப்பார். பிறகு ஆயர் எதுவும் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைப்பார். வந்திருக்கும் குருக்களும் ஒவ்வொருவராக வைப்பார்கள். அதைத் தொடர்ந்து வரும் அர்ச்சிப்பு மன்றாட்டோடு பட்டம் முழுமையாகிறது. கிண்ணத்தைக் கையில் கொடுப்பதும், ஆயர் அர்ச்சித்த கிறிஸ்மா என்னும் எண்ணெயைப் பூசுவதும் அதன்பிறகு வரும் விளக்கச் சடங்குகள். சாராம்சம் கைகளை வைப்பதிலும் மன்றாட்டிலும் இருக்கிறது என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1947-இல் தெளிவாக வரையறுத்தார். ஆகவே புகைப்படக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: கைகளை வைக்கும் நேரத்தில் யாரும் பீடத்தை நோக்கி ஓடக் கூடாது. அப்போது கைதட்டலும் வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு ஒரு போன் போட்டு, செய்தி வந்து பதிவேட்டில் ஏறியதா என்று கேளுங்கள். புதுக் குருவுக்கும் இது பொருந்தும். திருமணத்தை அரசிடம் பதிவு செய்வது தனி வேலை என்றால் அதையும் அந்த மாதமே முடித்துவிடுங்கள்.