துப்பாக்கிக் காவலரை வேலைக்கு வைப்பதற்கு முன்

நகைக்கடைக்கோ அடகுக்கடைக்கோ துப்பாக்கி ஏந்திய காவலரைத் தேடுகிறவர்கள் பலர், வந்தவரின் மீசையையும் தோளில் தொங்கும் இரட்டைக்குழலையும் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

காகிதங்களைச் சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமத்தின் நகலை ஏற்காமல் மூலத்தையே வாங்கி, அது என்றுவரை, எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும், துப்பாக்கியில் பொறித்த எண்ணும் அதில் எழுதியுள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், காவல்துறை விசாரித்த காலத்துக்குப் பின் அவர் குடிக்கத் தொடங்கியிருந்தால் அந்த உரிமப் புத்தகம் அதைச் சொல்லாது. முன்பு வேலை பார்த்த இடத்தில், முதலாளியைவிட அவரோடு இரவுப் பணியில் இருந்தவரிடம் கேட்பது நல்லது.

பிறகு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் துப்பாக்கியைக் காட்டச் சொல்லுங்கள். பொறுப்பானவர் குழலின் வாயைத் தரையை நோக்கித் தாழ்த்தி, விசை வளையத்துக்கு வெளியே விரலை நீட்டி வைத்தபடி குழலை மடக்கித் திறந்து, இரு அறைகளும் காலி என்று தாமும் பார்த்து உங்களுக்கும் காட்டி, திறந்த நிலையிலேயே கையில் தருவார். நீங்கள் மூடித் திருப்பிக் கொடுத்தால், வாங்கியவுடன் மறுபடியும் திறந்து பார்ப்பார். “இப்போதுதானே பார்த்தீர்கள்?” என்று கேட்டால் கொஞ்சம் கூச்சத்தோடு சிரிப்பாரே தவிர, பார்ப்பதை நிறுத்த மாட்டார். “தோட்டா இல்லை சார், பயப்படாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டே குழலை உங்கள் மார்புக்கு நேராகத் திருப்புகிறவரை, தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரு கேள்வியும் கேளுங்கள்: கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் முதுகைக் காட்டி ஓடுகிறான், என்ன செய்வீர்கள்? “காலில் சுடுவேன்” என்பது வீரமாகத் தோன்றினாலும் ஆபத்தான பதில். தற்காப்பு உரிமை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் உண்டு; ஆனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச இடமில்லாத வெறும் திருட்டுக்காக ஓர் உயிரைப் பறிக்க அது இடம் தரவில்லை. கூட்டமான கடைத்தெருவில் காலுக்குக் குறிவைத்த குண்டு யார்மேல் படும் என்பதும் சொல்வதற்கில்லை. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கவனக்குறைவாகச் சுடுவதற்கே 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். “கதவை அடைப்பேன், 112-க்குச் சொல்வேன், வண்டி எண்ணைப் பார்ப்பேன்” என்று யோசித்துப் பதில் சொல்கிறவரை மேற்கொண்டு விசாரிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, முதல் மாதம் அவரைத் துப்பாக்கி இல்லாமலே வாசலில் நிறுத்துங்கள். வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டு எதிர்த்துப் பேசுகிற இளைஞனிடம் அவர் நாலாவது தடவையும் குரலை உயர்த்தாமல் பேசுகிறாரா என்பதை உள்ளேயிருந்து கவனியுங்கள்.