காட்டுக்கரைக் கிராமத்தில் இரண்டு இரவு: வன்னிக்கு வருபவர்களுக்கு

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் மலை இல்லை. குளக்கட்டுதான் இங்கே உயரமான இடம். அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், சுற்றிவரக் காடு. அதனால் குளத்தைப் பார்த்துத்தான் தங்கும் ஊரைத் தெரிவுசெய்ய வேண்டும். கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு வீதியால் போனால் ஏறக்குறையப் பாதி வழியில் ஒட்டுசுட்டான். அதற்குக் கிட்ட முத்தையன்கட்டுக் குளம். முதல்முறை வருபவர்களுக்கு இந்தப் பக்கம் நல்லது.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை, மண்வீதி சேறாகிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் காலபோக (மாரிப் போக) நெல் அறுவடை. மெசின் இரவிலும் இரையும். அது ஓய்ந்த பிறகு வாருங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனம் திரளும். அமைதிதான் வேண்டுமென்றால் ஒரு கிழமை தள்ளி வையுங்கள்.

வீட்டுக்காரரிடம் வாடகையைக் கேட்கமுதல், "அண்ணை, இரவில யானை எந்தப் பக்கத்தால வாறது?" என்று கேளுங்கள். நெல், உப்பு, பழுத்த வாழைக்குலை எதையும் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். அந்த மணத்துக்குத்தான் யானை சுவரை இடிக்கிறது. பொழுது சாயமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். விடியற்காலை குளக்கட்டுத்தான் இந்தப் பயணத்தின் பலன். ஆனாலும் நிலம் நன்றாக வெளித்து, மீன்காரர் போகத் தொடங்கிய பிறகே போங்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அந்நேரமும் அங்கேதான் இருக்கும்.

காட்டுக்குள் ஊரவர் ஒருவர் இல்லாமல் இறங்கக்கூடாது. மிருகம் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் வேட்டைக்காரர் கட்டுத்துவக்கு (கம்பியில் பொறி வைத்த துவக்கு) கட்டியிருப்பார்கள். கம்பி காலில் பட்டால் வெடிக்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள், அது மிதிவெடி நிலம். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். கரடியும் அதைத் தேடி வரும், ஆகவே பாலை மரத்தடிக்குத் தனியே போக வேண்டாம். பழம் தின்னமுன் உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் பால் ஒட்டாது.

குளிப்பது ஊரவர் குளிக்கும் துறையில் மட்டும். தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு (மதகுக்கு) கிட்டப் போனால் தண்ணீர் உள்ளே இழுக்கும். புல் மண்டிய கரையில் முதலை கிடக்கும். காலில் புண் இருந்தால் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குளியுங்கள்; குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டைத் தங்கும் வீட்டிலேயே சொல்லிவையுங்கள்: குரக்கன் பிட்டு, குளத்து விரால் குழம்பு, எருமைத் தயிர். காட்டிறைச்சி மட்டும் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம், விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்பதால்தான் இன்னொரு கட்டுத்துவக்கு காட்டுக்குள் போகிறது.

நுளம்புவலை, ரோச், மூடிய சப்பாத்து மூன்றும் கட்டாயம். நடந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி பாருங்கள். கடித்திருந்தால் தோலோடு ஒட்டச் சாவணத்தால் (சிறு இடுக்கியால்) பிடித்து நேராக இழுக்க வேண்டும். சுட்டாலோ நசித்தாலோ கிருமி உள்ளே இறங்கும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், காலை அசைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சிக்னல் எந்த இடத்தில் எடுக்கும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

வீடு திரும்பி மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், குளத்தில் குளித்ததையும் காட்டில் நடந்ததையும் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா என்று அவர் அப்போதுதான் தேடுவார்.